இன்றைய சூரிய நிலவரம்

காட்டூர் வீட்டு மாடியில், இளவரசன் ரேடியோ முன்னால் உட்கார்ந்து மைக்கை இறுக்கிப் பிடித்தான். கோபித்துக்கொண்டு, தன் ரேடியோவையும் தூக்கிக்கொண்டு தொட்டியத்தில் அம்மா வீட்டுக்குப் போன மனைவி யாழினி, போனை எடுக்கவே இல்லை. ஆனால் அமெச்சூர் ரேடியோக்காரர்கள் எல்லோரும் ஒரே அலைவரிசையில் கூடிப் பேசும் இந்த நேரத்தில் அவள் கட்டாயம் இருப்பாள். சூரியனில் புயல் அடிக்கிறதா, பேச்சு தெளிவாகக் கேட்குமா என்று தினமும் காலையில் எல்லோருக்கும் சொல்வது அவள்தான். அதைத்தான் அவன் சொந்தக்காரர்கள் முன்னால் 'வெட்டி வேலை' என்று கிண்டல் செய்திருந்தான்.

"யாழினி, நான்தான் பேசுறேன். கேக்குதா?"

"விட்டு விட்டுக் கேக்குதுங்க. சூரியப் புயல். என்ன சொன்னீங்க?"

தொடர்பு அறுந்துவிடுவதற்குள் சொல்லிவிட அவன் அவசரப்பட்டான்.

"தப்பு என்னோடதுதான்!"

"யாரோடது?"

"என்னோடது! வந்துடும்மா!"

"சத்தமா சொல்லுங்க. புயல் ஜாஸ்தியாயிடுச்சு."

அவன் எழுந்து நின்று கத்தினான். "நீ இல்லாம என்னால இருக்க முடியல யாழினி!"

எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்தியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"கடைசி வார்த்தை கேக்கலைங்க..."

மறுபடி கத்த அவன் மூச்சை இழுத்தபோது, மண்ணச்சநல்லூரிலிருந்து ஆனந்தவள்ளி அக்காவின் குரல் குறுக்கே வந்தது.

"தம்பி, தொண்டையைக் கெடுத்துக்காதீங்க. எங்க எல்லாருக்கும் தெளிவாத்தான் கேக்குது. இன்னைக்குப் புயலே இல்லைன்னு நீங்க வர்றதுக்கு முன்னாடிதான் யாழினி சொல்லுச்சு!"

ரேடியோவில் சிரிப்பு வெடித்தது.

"போங்கக்கா, கெடுத்துட்டீங்களே!" என்றாள் யாழினி. "இன்னும் ஒரே ஒரு தடவை கேட்டுட்டுக் கிளம்பலாம்னு பெட்டியோட உக்காந்திருக்கேன்!"