அறுபது செகண்டுப் பேச்சாளர்

"அந்த மாலை எனக்குப் பத்தாதும்மா. இன்னும் கொஞ்சம் கனமாப் போடு" என்றார் ஞானமுத்து.

கம்ப்யூட்டர் திரையில் இருந்த மாலை ஒரு சுண்டைக்காய் அளவுதான். "முப்பத்திரண்டு புள்ளிக்குள்ள இவ்ளோதான் சார் வரும். இது ஐக்கான், ஆளுயர மாலை இல்ல" என்றாள் ஃபீபி. ஆம்பூர் பஜாரில் கம்ப்யூட்டர் சென்டர் டீச்சர் அவள். இருவரும் ஒரே சபை என்பதால் வீட்டுக்கே வந்து செய்துகொண்டிருந்தாள்.

ஞானமுத்து ஷூ கம்பெனியில் பர்சனல் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். ஷூ வாங்க வரும் ஜெர்மன் பையர் இரண்டு நிமிஷம் பேசினால் இவர் அதைப் பத்து நிமிஷம் மொழிபெயர்ப்பார். உட்காரும்போது தொழிலாளர்கள் பலமாகக் கை தட்டுவார்கள். அது உட்கார்ந்ததற்கான கைதட்டல் என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை.

வருகிற புதன்கிழமை அவருக்கு வேலூரில் ஆபரேஷன். தொண்டைக் கட்டி பரவிவிட்டதால் குரல்வளையையே எடுத்துவிடுவார்கள். அதற்கப்புறம் பேச்சு கிடையாது. இருக்கிற குரலை அதற்குள் பதிந்து வைத்துக்கொள்ளத்தான் இந்தக் கம்ப்யூட்டர். வேண்டியபோது மவுஸால் தட்டினால், அது அவருக்காகப் பேசும்.

பதிந்ததெல்லாம் திரையில் ஒரே மாதிரி ஸ்பீக்கர் படமாக வந்து நின்றதில்தான் சிக்கல். கல்யாண வீட்டில் வாழ்த்துரைக்குப் பதில் இரங்கலுரை பாடிவிட்டால் மானம் போய்விடாதா? அதனால் ஒவ்வொன்றுக்கும் தனிப் படம். வரவேற்புரைக்கு மைக், வாழ்த்துரைக்கு மாலை, ஜெபத்துக்கு மணி.

"இன்னொண்ணு சார். ஒரு பதிவுக்கு அறுபது செகண்டுதான். அதுக்கு மேல இந்த ரெக்கார்டர் நின்னுடும்."

"அறுபதா? மேடையில இருக்கறவங்க பேரச் சொல்லவே பத்தாதே!"

பத்தவில்லைதான். கரகரத்த குரலில் 'மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே' என்று ஆரம்பித்து, துணைப் பொருளாளரை நெருங்கும்போது ரெக்கார்டர் நின்றது. வரவேற்புரை மட்டும் ஐந்து மைக் பிடித்தது. ஜெபத்துக்கு ஏழு மணிப் படம்.

அவர் மனைவி சுவரைத் தடவியபடி காபியோடு வந்தார். சர்க்கரை வியாதியில் அவருக்குப் பார்வை போய் நாலு வருஷம். டம்ளரை வாங்க ஃபீபி எழுந்து கிட்டே போனதும், அந்த அம்மா சட்டென்று நின்றார்.

"யாரு? யாரு அது?"

"ஆன்ட்டி, ஃபீபி."

"நீயா? இன்னாடி, இன்னிக்கி கொலுசு போடலியா? நீ வாயத் தொறக்கற வரிக்கும் யாரோன்னு பக்குனு ஆயிடுச்சி." பிறகு கணவர் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். "பேசி முடிஞ்சிதா? மேடைக்கி இந்தப் பெட்டியையே தூக்கினு போவீங்களா?"

"ஆட்டோவுல ஏத்தினா ஆச்சு."

"நாப்பது வருஷமா கேட்டு எனக்குக் காது புளிச்சிப் போச்சிடி ஃபீபி. புதன்கிழமையில இருந்து நிம்மதின்னு பாத்தா, பேஜார் புடிச்ச பெட்டிய வாங்கியாந்து வெச்சிட்டாரு."

மூவரும் சிரித்தார்கள். அந்த அம்மாவின் சிரிப்பு மட்டும் பாதியில் நின்றது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி சுவரைப் பிடித்தபடி கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

சாயங்காலத்துக்குள் திரையில் பதினெட்டுப் படங்கள் வரிசை கட்டி நின்றன. ஃபீபி பையை எடுத்தாள்.

"இரும்மா. ஒண்ணு பாக்கி" என்றார் ஞானமுத்து. அவர் குரல் திடீரென்று இறங்கியது. "அவ கொல்லையிலதானே இருக்கா? அந்தக் கதவச் சாத்து."

ஃபீபி உதட்டைக் கடித்துக்கொண்டாள். மனுஷர் தன் அடக்க ஆராதனைக்கு வருகிறவர்களுக்கும் தாமே நன்றியுரை சொல்லிவிட்டுத்தான் ஓய்வார் போலிருக்கிறது.

"இதுக்கு இன்னா படம் சார்? சிலுவையா?"

"கதவு போடு. செவப்புக் கலர்ல, கண்ணுல அடிக்கற மாதிரி. எல்லாத்துக்கும் மேல வை. நான் எப்ப வீட்டுக்குள்ள வந்தாலும் மொதல்ல இதத்தான் தட்டணும்."

"ஃபைலுக்குப் பேரு?"

அவர் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடி 'இன்பம்' என்று அடித்தார்.

எத்தனையோ அழைப்பிதழ்களில் 'திருமதி ஞானமுத்து' என்று மட்டுமே பார்த்திருந்த ஃபீபிக்கு, ஆன்ட்டியின் பெயர் அன்றுதான் தெரிந்தது. அவர் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு அவள் கேட்டதே இல்லை. எப்போதும் 'இந்தாம்மா'தான்.

ரெக்கார்டர் ஓடத் தொடங்கியது. பத்து செகண்டு. இருபது. முப்பது. மைக்கைப் பிடித்தால் விடாத மனிதர் அதைக் கையில் வைத்துக்கொண்டு வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். ஃபீபி நிறுத்தப் போனாள். வேண்டாம் என்று கையைக் காட்டினார். தொண்டையைச் செருமிக்கொண்டு, மைக்கை உதட்டருகே கொண்டுபோனார்.

"பயப்படாத இன்பம், நாந்தான்."