பால் ஆலைச் சுவரில் விழுந்த விரிசல்

பிஷ்கெக் நகரோரம், புதுப் பால் ஆலையின் வெடித்த சுவரில் காலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. கட்டிய கெல்திபெக்கும் கட்டச் சொன்ன மிர்லானும் முகம் பார்த்துப் பேசி ஐந்து மாதமாகிறது. நாளை மறுநாள் நீதிமன்றம். அதற்குள் இருவரையும் இங்கே வரவழைத்திருக்கிற கட்டட வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர் சாய்ரா, கம்பளிக் கோட்டின் ஓரம் சேற்றில் புரள, அஸ்திவாரத்தை ஒட்டித் தோண்டிய குழியருகே மண்டியிட்டிருக்கிறார். இப்படி மண்ணில் இறங்கும் வக்கீலை கெல்திபெக் பார்த்ததே இல்லை.

“அஸ்திவாரத்து ஆழத்தைக் குறைச்சுத் திருடிட்டான்க்கா,” என்கிறான் மிர்லான்.

“அப்புறம் திட்டுங்க. முதல்ல அளந்து, நீங்களே சத்தமா படிங்க.”

அளவு நாடாவின் ஒரு முனையோடு கெல்திபெக் குழிக்குள் இறங்குகிறான். அதை அஸ்திவாரத்தின் அடியில் வைத்து அழுத்திப் பிடிக்கிறான். மேலிருந்து மிர்லானின் குரல் இறங்குகிறது. “ஒண்ணரை மீட்டர். வரைபடத்துல இருக்கிற அளவுதான்... அப்ப சுவர் ஏன் வெடிச்சுது?”

சாய்ரா குழியின் பக்கத்திலிருந்து ஒரு பிடி மண்ணை அள்ளிப் பிழிகிறார். விரலிடுக்கில் தண்ணீர் சொட்டுகிறது. வேலிக்கு அந்தப் பக்கம் பழைய வாய்க்கால் சலசலக்கிறது. மூவரும் அதையே பார்க்கிறார்கள்.

“உன்னைப் போய்த் திருடன்னு சொல்லிட்டேனே,” என்று மிர்லான் குழிக்குள் கை நீட்டுகிறான். “ஏறி வா. வாய்க்கால் தண்ணி கசிஞ்சுதான் அடிமண் இளகியிருக்கு. கசிவை அடைக்கணும், மண்வெட்டி இருக்கா?”

கெல்திபெக் அந்தக் கையைப் பற்றுகிறான்.

“வண்டியில ரெண்டு இருக்கு.”