ஏற்றி வைத்த கார்

"இதுல ஏத்தி வச்சா வண்டி எத்தன நாள் நிக்கும்?" என்று கேட்டார் கிருஷ்ணராஜ் மாஸ்டர்.

பதுளையில் மோட்டார் சாமான் கடை வைத்திருக்கும் ஷிபான் தலையைச் சொறிந்தான். மற்றவர்கள் எவ்வளவு பாரம் தாங்கும் என்றுதான் கேட்பார்கள். "ஒங்களுக்கு ரேம்ப்தான் சேர் நல்லம். இந்த ரெண்டு இரும்புச் சரிவையும் முன் டயருக்கு வச்சு ஏத்துங்க. வேல முடிஞ்சா கண்ண மூடிக்கிட்டு ரிவர்ஸ்ல எறக்கிரலாம்."

"யாரு வேணும்னாலும் எறக்கிரலாமா?"

"ஓட்டத் தெரிஞ்ச யாரும் எறக்கலாம் சேர்."

"அப்ப அது வேணாம்." மாஸ்டர் முக்காலி மாதிரி நின்ற ஜாக்கி ஸ்டாண்டுகளைத் தட்டிப் பார்த்தார். "இதுல நாலு குடுங்க. ஒரு டயரும் தரையில படக்கூடாது."

"பாதுகாப்பு பாக்குறீங்க. அதுதான் சரி," என்று ஷிபான் மெச்சிக்கொண்டே கட்டிக் கொடுத்தான்.

மாஸ்டருக்கு அவசரம். மனைவி ஜீவராணியின் தம்பி ரஜீவுக்கு வெள்ளிக்கிழமை கல்யாணம். பெண் மடுல்சீமையில். அவளை அழைத்துவர மச்சான் கார்தான் போகிறது என்று ரஜீவ் தேயிலைத் தோட்டம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தான். குண்டும் குழியுமான அந்த மலை ரோட்டில் காரை விட மாஸ்டருக்கு மனமில்லை.

பூனாகலையில் வீட்டுக்கு வந்த கையோடு காரை நான்கு ஸ்டாண்டிலும் தூக்கி நிறுத்தினார். "அடியில ஒரு சத்தம் வருது. பாக்காம அனுப்ப முடியாது," என்றார்.

ஜீவராணிக்கு முகம் செத்துப்போனது. "அய்யோ, நல்ல நேரம் பாத்து மக்கர் பண்ணுதே! கல்யாணத்துக்குள்ள சரியாகிருமாங்க?"

"பாக்கணும்."

தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பாயை விரித்துக் காருக்கு அடியில் படுப்பார். இருட்டினால் எழுந்து வந்து, "இன்னும் புடிபடல," என்பார். அவள் சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றுகொள்வாள்.

வியாழக்கிழமை வீடு திரும்பியவர் வாசலிலேயே நின்றுவிட்டார். பலா மரக் கிளையில் சங்கிலி தொங்கியது. ஒரு சாக்கில் இஞ்சின் கிடந்தது, இன்னொரு சாக்கில் கியர்பொக்ஸ்.

நலுங்கு வைத்த மாப்பிள்ளை வாசற்படி தாண்டக் கூடாது. ரஜீவோ கன்னத்து மஞ்சள் காயாமல், முழங்கை வரை கிரீஸோடு காருக்கு அடியிலிருந்து ஊர்ந்து வந்தான். அவனோடு தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்யும் ஃபிட்டர்கள் சுற்றி நின்றார்கள்.

"கோவிச்சுக்காதீங்க மச்சான். நீங்க தனியா கெடந்து கஷ்டப்படுறீங்கன்னு அக்கா அழுதுச்சு. மனசு கேக்கல, பயலுகளக் கூட்டிக்கிட்டு வந்துட்டேன்."

மாஸ்டர் சாக்கில் கிடந்த இஞ்சினைப் பார்த்தார். "நாளைக்கு பொண்ணழைக்க?"

"லொறி சொல்லிட்டேன். அத விடுங்க, ஒங்க வண்டிதான் முக்கியம்." ரஜீவ் புறங்கையால் நெற்றியைத் துடைத்தான். "ஒண்ணுதான் மச்சான் வெளங்கல. கடைசி நட்டு வரைக்கும் கழட்டிப் பாத்தாச்சு. வண்டியில ஒரு பழுதும் இல்லயே!"

மாஸ்டர் பையைக் கீழே வைத்துவிட்டு, இஞ்சின் பக்கத்திலேயே சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரியும் ரஜீவ்."