டீக்கடை அடுப்பில் ஆறு பிளக்

பட்டாசுக் கம்பெனிக்குள் தீக்குச்சி உரசக்கூடாது. அதனால் தாயில்பட்டி டிரைவர்கள் லாரி எஞ்சினில் கரி பிடித்த ஸ்பார்க் பிளக்கை வாசலுக்கு வெளியே, டீக்கடை அடுப்பில்தான் சுட்டு எடுப்பார்கள். சேசுராஜ் தன் பழைய மிலிட்டரி லாரியிலிருந்து கழற்றிய ஆறு பிளக்கையும் கங்குக்குள் படுக்க வைத்துவிட்டுக் குந்தியிருக்கிறான். போன வாரம் புதுசாகப் போட்டவை. அதற்குள் வண்டி இருமுகிறது. பக்கத்தில் சீனிச்சாமி, ஒரே தூக்குச்சட்டியில் சோறு தின்கிற சிநேகிதன், டீயை ஆற்றிக்கொண்டே, "பெட்ரோல்ல கலப்படம்லே. நீ பைய வண்டியப் பாரு, மதுரை லோடை நான் கொண்டு போறேன்" என்கிறான். சேசுராஜுக்கென்று பேசியிருந்த அந்தத் தீபாவளி லோடு காலையிலேயே சீனிச்சாமியின் லாரிக்கு மாறிவிட்டது. "நீ இருக்கப் போயி ஆச்சுலே" என்று சேசுராஜ் தலையாட்டுகிறான். எண்ணெய்ப் பிசுக்கு புகைந்து அடங்குகிறது. இடுக்கியால் ஒன்றை எடுத்து வெயிலில் திருப்புகிறான். புது பிளக் மாட்டுமுன் அதன் பட்டையில் அரத்தால் சின்னதாக ஒரு சிலுவை கீறுவது அவன் வழக்கம். இதில் சிலுவை இல்லை. அடுத்ததிலும் இல்லை. ஆறையும் புரட்டிப் பார்க்கிறான். "வாரேன்லே" என்று தோளைத் தட்டிவிட்டுப் போன சீனிச்சாமி, தன் லாரியைக் கிளப்ப முன்பக்கக் கைப்பிடியை ஒரே சுற்றுதான் சுற்றுகிறான். கோடை முழுக்க இருமிக் கிடந்த அந்த லாரி பிசிறில்லாமல் உறுமுகிறது. போன வாரம் சேசுராஜின் காலடியில் கேட்ட அதே சத்தம் கரிசல் தூசியைக் கிளப்பிக்கொண்டு மதுரைப் பக்கம் போகிறது. கடைக்காரர் ஒரு கிளாஸை அவன் முன்னால் வைக்கிறார். "குடிங்க. ஒங்களுக்கும் சேத்து அவுகளே காசு குடுத்துட்டுப் போயிட்டாக."