தொப்பி வெளிச்சம்

பெண்டிகோ தங்கவயலில் எங்கள் நாடகக் கொட்டகை இருட்டாகக் கிடக்கிறது. விளக்குகளுக்கு எண்ணெய் கொண்டுவந்த வண்டி வழியில் சேற்றில் மாட்டிக்கொண்டது. கொட்டகையை நடத்தும் அகஸ்டா பென்னக், ராணி வேடத்தோடு, இன்று ஆட்டம் இல்லை என்று சொல்லத்தான் மேடைக்கு வருகிறாள். அவள் அதைச் சொல்வதற்குள், சுரங்கத்தில் இறங்குகிற கோலத்திலேயே, தொப்பியின் முன்பக்கம் களிமண்ணால் ஒட்டிய மெழுகுவர்த்திகள் எரிய, நாங்கள் வந்து பெஞ்சுகளை நிறைக்கிறோம். அவளுடைய தகரக் கிரீடம் மின்னுகிறது. "சீக்கிரம் ஆரம்பிங்கம்மா, மீசையில மெழுகு ஒழுகுது," என்கிறான் எங்களில் ஒருவனான ஜேகோ. ராணி முன்னால் தொப்பியோடு உட்காரக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம்; மீறியவனை அவளே காதைப் பிடித்து வெளியேற்றியிருக்கிறாள். பழக்கத்தில் எங்கள் கைகள் தொப்பிக்குப் போகின்றன. "வேணாம்பா, இருக்கட்டும்," என்கிறாள். பிறகு எங்களைப் பார்த்துத் தன் கிரீடத்தைக் கழற்றுகிறாள்.