தடுக்க வேண்டிய நம்பர்

"அந்த நம்பரைத் தடுத்துடட்டுமா, பைகே?"

"எந்த நம்பரை?" போனில் ஒன்றும் தெரியாதவர் போலக் கேட்டார் கெனெஷ்.

ஐசிரெக்குக்கு எரிச்சலாக வந்தது.

"தினம் சாயங்காலம் உங்க விளம்பரத்தைத் தட்டிட்டு உங்களுக்குப் போன் பண்றாங்களே, அதைத்தான். ஒவ்வொரு தடவை தட்டும்போதும் உங்க காசு போகுது. இதுவரைக்கும் ஒரு மெஷினாவது ரிப்பேருக்கு வந்துச்சா?"

"ரிப்பேர் ஆனா வரும். ஆகலையே, என்ன பண்றது?"

கிர்கிஸ்தானின் பிஷ்கெக் நகரத்தில் வாஷிங் மெஷின் பழுது பார்ப்பவர் கெனெஷ். அவருக்கும் இன்னும் சில கடைக்காரர்களுக்கும் வீட்டிலிருந்தபடியே இணைய விளம்பரம் பார்த்துத் தருகிறவள் ஐசிரெக். அவரை 'பைகே', அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவாள்.

மாதச் சம்பளம் எல்லாம் கிடையாது. விளம்பரத்தைப் பார்த்து யாராவது போன் செய்து ஒரு நிமிஷத்துக்கு மேல் பேசினால் அவளுக்கு நூறு சோம் கூலி. எந்த நம்பர், எவ்வளவு நேரம் எல்லாம் அவள் திரையில் விழும். பேச்சும் பதிவாகும். ஆனால் அவள் எதையும் போட்டுக் கேட்டதில்லை. அவளுக்கு நிமிஷக் கணக்கு போதும்.

"பைகே, மறைக்காம சொல்லுங்க. யாராவது பொம்பளையா?"

"பொம்பளைதான்."

"அப்படிச் சொல்லுங்க! கல்யாணச் சாப்பாடு எப்போ?"

கெனெஷ் சிரித்தார். "வாயைப் பாரு. என் சம்சாரம் போனதுக்கப்புறம், 'சாப்பிட்டியா'ன்னு என்னைக் கேக்கிறது அவங்க ஒருத்தர்தான்."

"நல்லா கேக்கட்டும். உங்க நம்பருக்கே நேரா கூப்பிடச் சொல்லுங்க. விளம்பரம் வழியா வந்தா தட்டுக்கூலியும் உங்க தலையில, என் கூலியும் உங்க தலையில."

"தரேன்ல?"

"அது எனக்கு நியாயமான காசு இல்ல பைகே. இந்த மாசத்திலேர்ந்து அந்த அழைப்பையெல்லாம் கழிச்சுட்டுத்தான் உங்ககிட்ட வாங்குவேன்."

"கழிக்காத பொண்ணே." அவர் குரல் சட்டென்று மாறியது. "நீ வாங்கித்தான் ஆகணும். அதுதான் எங்களுக்குள்ள பேச்சு."

போனை வைத்துவிட்டார்.

'எங்களுக்குள்ள' என்றால்? யாரோ ஒருத்தி இந்த மனுஷனை நன்றாக வளைத்துப் போட்டிருக்கிறாள் என்று ஐசிரெக் முடிவு கட்டினாள்.

ஜன்னலுக்கு வெளியே நிலக்கரிப் புகை, எதிர்க் கட்டடத்தையே மறைத்துக்கொண்டு நின்றது. ஒற்றை அறை. மேசையில் நேற்று வைத்த சூப்பு. ஊரில் யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று நாள் முழுக்க எண்ணிக்கொண்டிருக்கிறவள் அவள். அவளுடைய போன் மட்டும் வேலை விஷயமாகத் தவிர ஒலிப்பதில்லை. வேலையைத் தவிர வேறு ஏதாவது கடைசியாக யாரிடம் பேசினோம் என்று யோசித்தாள். ஞாபகம் வரவில்லை.

அந்த மாயக்காரி யாரென்று பார்த்துவிடலாம்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு முந்தின நாள் பதிவை ஓடவிட்டாள்.

"சாப்பிட்டீங்களா, எஜே?" கெனெஷின் குரல். எஜே என்றால் அக்கா.

"ஆச்சு தம்பி. இன்னிக்கு போர்சோக் பொரிச்சேன். பழக்கதோஷம், நிறைய மாவு பிசைஞ்சுட்டேன். சாப்பிட ஆள் ஏது? பக்கத்து வீட்டு நாய்க்குத்தான் நல்ல யோகம்."

சொல்லிவிட்டு அந்தப் பெண், தொண்டையைச் செருமிக்கொண்டு சிரித்தாள்.

அந்தச் செருமலை ஐசிரெக்குக்கு நன்றாகத் தெரியும்.

அம்மா.

பதிவு ஓடிக்கொண்டே இருந்தது. பசுவுக்குக் கால் வீக்கம். கூரையில் பனி. தள்ளிவிட ஆள் கிடைக்கவில்லை. கெனெஷ் ஒவ்வொன்றுக்கும் "அப்புறம், எஜே?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கிராமத்திலிருந்து அம்மா கடைசியாகக் கூப்பிட்டபோது, யாருக்கெல்லாம் விளம்பரம், என்ன கூலி என்று கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு, "அவசர வேலைம்மா, நானே கூப்பிடறேன்" என்று வைத்தது நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகு கூப்பிடவே இல்லை.

பெற்ற மகள் இருக்கும்போது, பேச்சுத் துணைக்கு முன்பின் தெரியாத ஒரு மெஷின் ரிப்பேர்காரரைத் தேடிப் போயிருக்கிறாள். அந்த நம்பரைத்தான் தடுத்துவிடுகிறேன் என்று இவள் மல்லுக்கு நின்றிருக்கிறாள்.

ஐசிரெக் போனை எடுத்தாள். அம்மாவின் நம்பரை அழுத்தினாள்.

"அம்மா..."

"என்னடி, குரல் ஒரு மாதிரி இருக்கு? உடம்புக்கு முடியலையா?"

"நல்லாத்தான் இருக்கேன். அம்மா, தினம் கெனெஷ் பைகேகிட்ட பேசுறது நீதானா?"



"சொல்லிட்டாரா? சொல்லக்கூடாதுன்னு அவ்வளவு கெஞ்சினேனே!"

"அவர் சொல்லல. அது யார் போன்?"

"பக்கத்து வீட்டு போன். என் நம்பரைப் பார்த்தா கண்டுபிடிச்சுடுவியே."

"ஏன்மா இப்படி? தப்பு என்மேலதான். தனியா இருக்க, பேசணும்போல இருந்தா என்னைக் கூப்பிட வேண்டியதுதானே? எவ்வளவு வேலை இருந்தாலும் இனிமே எடுக்கிறேன்மா. யாரோ ஒருத்தர்கிட்ட போய் எதுக்குப் பேசணும்?"

"போடி பைத்தியக்காரி! உன்கிட்ட பேசினா உன் வேலைதான் கெடும். அவர்கிட்ட ஒரு நிமிஷத்துக்கு மேல பேசினா உனக்கு நூறு சோம் வருமே!"