கழித்த நான்கு நிமிடம்

அந்த ஊசியைச் செய்தவர் அவள் கணவர். தலைமுடியைவிட நூறு மடங்கு மெல்லியது. பக்கத்திலுள்ள குட்டிக் காந்தம் ஊசி நுனித் தட்டில் வைத்த ஒரு கிருமிக்குள் இருக்கும் ஹைட்ரஜன் அணுக்களை இழுத்தால் ஊசி வளையும். அந்த வளைவைக் கொண்டு கணினி கிருமியைப் படமாக வரையும். மூன்று வருடம் கண் எரிய உழைத்தவர், படம் வருவதற்குள் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார்.

அவளும் அதே ஆய்வகம்தான். வேலைக்குத் திரும்பிய அன்று, வழக்கம்போல் காலித் தட்டை வைத்துச் சோதித்தாள். ஒன்பது பத்துக்கு ஊசி வளைந்து, நான்கு நிமிடம் அப்படியே நின்றது. அவர் தினமும் வந்து ஊசியைச் சரிபார்க்கும் நேரம் அது. மறுநாளும் வளைந்தது. மூன்றாம் நாள் காந்தத்தையே கழற்றிவிட்டுப் பார்த்தாள். அப்போதும் வளைந்தது.

ஆய்வகத் தலைவரிடம் போய்ச் சொன்னாள்.

"காலித் தட்டுல என்னம்மா இருக்கப் போகுது? கருவியோட இரைச்சல்னு பதிவுலேருந்து கழிச்சுடு. இந்த ஊசியைப் பத்தின கட்டுரை இன்னைக்கே போகணும்."

"கட்டுரையில அவர் பேரைக் காணோமே சார்?"

"இல்லாதவர் வந்து கையெழுத்துப் போடுவாரா? இதுக்கு மல்லுக்கு நின்னா உன் பேரும் போயிடும். புள்ளைங்களை நெனச்சுப் பாரு."

மாலைக்குள் அவள் மூன்று நாள் பதிவுகளிலிருந்தும் அந்த நான்கு நிமிடத்தைக் கழித்து அனுப்பிவிட்டாள்.

மறுநாள் ஒன்பது பத்துக்கு ஊசி வளையவில்லை; திரையில் கோடு நேராகவே ஓடியது. எட்டிப் பார்த்த தலைவர், "பாத்தியா, எவ்வளவு சுத்தமா இருக்கு!" என்றார்.

கட்டுரை வெளிவந்து ஒரு வருடமாகிறது. இன்றும் அவள் காலித் தட்டை வைத்துவிட்டுத் திரைக்கு முன்னால் உட்காருகிறாள். ஒன்பது பதினான்கு ஆனதும் எழுந்துவிடுகிறாள்.